முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை

1

என் மகள் ஹனா என்னோடு தமிழில் கதைக்க மாட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பத்தொன்பது வயது, இனி மாறாது என்று நானும் விட்டுவிட்டேன். ஆகவே போன டிசம்பரில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்குத் தேநீரோடு அவளுடைய அறைக் கதவடியில் போய் நின்றபோது, உள்ளே கேட்ட குரல் யாருடையது என்று எனக்கு உடனே பிடிபடவில்லை.

“நோகுது சாச்சி... இல்ல, ஏலாது சாச்சி... ஓம், பல்லக் கடிச்சிக்கிட்டுத்தான் இரிக்கன்.”

சாச்சி என்று உம்மாவின் தங்கையைத்தான் கூப்பிடுவோம். எனக்குத் தங்கை இல்லை.

தொலைபேசியிலிருந்து ஒரு பெண் வாய்நிறையச் சோற்றோடு சிரித்தாள். “நோகும் மகள். நோகாட்டி நான் என்னத்துக்குப் பகல் சோத்தப் பிசஞ்சுக்கிட்டு ஒண்ட காலப் பாத்துக்கிட்டு இரிக்கன்? இன்னுங் கொஞ்சம். பத்து எண்ணு. தமிழுல எண்ணு.”

என் மகள் தமிழில் எண்ணினாள். ஏழுக்குப் பிறகு ஒன்பதுக்குப் போனாள். அந்தப் பெண் அதை விடவில்லை. “எட்டக் களவெடுத்திட்டியே, திரும்ப!” என்றாள். ஹனா சிரித்துக்கொண்டு திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

குரலை அடையாளம் கண்டேன். பஸ்மியா. உயர்தரம் வரைக்கும் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இப்போது புத்தளத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து அரச வைத்தியசாலையில் இயன்மருத்துவர். அங்கே அப்போது பகல் ஒரு மணி, அவளுடைய சாப்பாட்டு நேரம். ஒரு கையில் சோறும் ஒரு கையில் தொலைபேசியுமாக, கடலுக்கு அப்பாலிருந்து என் பிள்ளையின் காலை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

பிள்ளை தமிழில் எண்ணுகிறாள் என்று நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. ஹஸது கூடாது என்று மத்ரஸாவில் படித்தது எதுவும் அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. கதவைத் தட்டாமல் தேநீரைத் திருப்பிக் கொண்டுபோய்க் குசினித் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

2

போன வாரம் என் மூத்த சகோதரர், நானா, ஆலங்குடாவிலிருந்து ஒரு படம் அனுப்பினார். காற்றுக்காலம் தொடங்கி, கடலுக்கு மேலே நிறம் நிறமாகப் பட்டங்கள். “ஒரு வருசமாகுது” என்று கீழே எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடலில் சறுக்கும் அந்த விளையாட்டுக்கு வெள்ளைக்காரர்கள் பணம் கட்டி வருகிறார்கள். போன வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஹனாவும் போகவேண்டுமென்று நின்றாள். நான் செருப்பைக் கையில் பிடித்தபடி கரையில் நின்றேன். பட்டம் ஒரு பக்கமாகச் சரிந்தது, அவள் தூக்கி எறியப்பட்டாள், பிறகு கொஞ்ச நேரம் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இங்கே பேருந்தில் இருக்கும்போதும் வரும்.

கரைக்குத் தூக்கி வந்தபோது அவளுடைய இடது முழங்கால் வீங்கிக்கொண்டிருந்தது. நானா ஓட்டோவைக் கூப்பிட்டார். “முறிவு வைத்தியர் ஒருத்தர் இரிக்கார். எண்ணெ வெச்சுக் கட்டினா ஒரு கிழமையில ஓடுவா” என்றார். நான் அரச வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்று கத்தினேன். அங்கே எக்ஸ்ரே படம் எடுத்து, எலும்பு முறியவில்லை என்று சொன்னார்கள். அப்போதுதான் பக்கத்து அறையிலிருந்து வெள்ளை மேலங்கியோடு ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பஸ்மியா.

“ஜெஸீமாவா? அல்லாஹ்வே! என்ன புள்ள, இப்பிடி வெளுத்துப் போய்ட்டா?”

ஹனாவைப் படுக்க வைத்து முழங்காலை மடித்து, பாதம் நகராமல் அதன்மேல் மெல்ல உட்கார்ந்து, கெண்டைக்காலை இரு கைகளாலும் பிடித்து முன்னே இழுத்தாள். மற்றக் காலையும் அதேபோல இழுத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரு நிமிடம். “உள்ளுக்கு எலும்பக் கட்டி வெச்சிரிக்கிற நார் அறுந்திட்டு. கொழும்புக்குப் போய் ஸ்கேன் எடுங்க. நானா, எண்ணெக் கட்டு வேணாம், விளங்கினதா?” கொழும்பில் ஸ்கேன் எடுத்துவிட்டு அதையேதான் சொன்னார்கள்.

விடுமுறையில் மிச்சமிருந்த மூன்று வாரமும் ஹனா ஒவ்வொரு நாளும் பஸ்மியாவின் அறைக்குப் போனாள். கூடவே நானும் போனேன். ஒரு கட்டில், நடக்கப் பழக இரண்டு இரும்புக் கம்பிகள், ஒரு கண்ணாடி, சிவப்பு வெளிச்சம் போடும் விளக்கொன்று. உப்புப் பைகளில் கடல் மணலை நிரப்பித் தைத்து எடைகளாக வைத்திருந்தாள். யன்னல் கம்பியில் மீன்பிடிக் கயிறு போட்டு, தோள் தூக்க ஏலாதவர்களுக்கு இழுக்கக் கொடுத்தாள். இவ்வளவையும் ஒருத்தியாகப் பார்த்தாள்.

எலுவன்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு மனைவி தன் புருசனைக் கொண்டுவந்தாள். அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது. அடுத்த முறை எப்போது வர ஏலும் என்று அவளுக்கே தெரியாது. பஸ்மியா புருசனை விட்டுவிட்டு அந்த மனைவியின் கைகளைப் பிடித்துத்தான் படிப்பித்தாள்: இங்கே பிடி, இப்படி எழுப்பு, அவர் தானே எழும்பப் பார்க்கும்போது உன் கையை எடு. அவளுடைய அறையில் நோயாளியைவிடக் கூட வந்தவருக்குத்தான் வேலை அதிகம். நோயாளி திரும்பி வரமாட்டார், கூட வந்தவர்தான் வீட்டில் இருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

பள்ளிவாசல்துறை மீனவர் ஒருவர் தோள் வலியோடு வந்து, விளக்கைக் காட்டி, “தங்கச்சி, லைட்டப் போடுங்க, போதும்” என்றார். பஸ்மியா விளக்கைப் போட்டாள். போட்டுவிட்டு, அந்த வெளிச்சத்துக்குள்ளேயே அவரைக் கயிறு இழுக்க வைத்தாள். “லைட் இல்லாட்டி வைத்தியம் செஞ்ச மாதிரி இல்லயாம். அந்தா எரியிது. அவருக்கும் நிம்மதி, எனக்கும் வேல நடக்கும்” என்று என் பக்கம் திரும்பிச் சொன்னாள். பிறகு, “நீ என்ன வெளிய குந்திக்கிட்டு? உள்ளுக்கு வா. புள்ளைட காலப் புடிக்கப் பழகு” என்றாள்.

“நான் இங்கயே இரிக்கன்” என்றேன். மூன்று கிழமையும் வெளியே போட்டிருந்த நீள வாங்கில்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது.

3

உயர்தரப் பெறுபேறு வந்த வருடம், கொழும்பில் இயன்மருத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பித்தது நானும் பஸ்மியாவும்தான். விண்ணப்பத்தைக் கண்டுபிடித்து நிரப்பியது நான். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது.

என் வாப்பாவுக்கு உப்பளமும் தென்னந்தோட்டமும் இருந்தன. பஸ்மியாவின் வாப்பா எங்கள் உப்பளத்தில் வேலை செய்தவர். வாப்பா கடிதத்தை வாசித்தார், என்ன வேலை என்று கேட்டார், நான் சொன்னேன். “வந்தவன் போனவன்ட காலப் புடிச்சி உருவுறதுக்கா ஒன்னப் படிப்பிச்சன்?” என்றார். அவ்வளவுதான். நான் அழவில்லை, எதிர்க்கவுமில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது கொஞ்சம் தாழ்வான வேலையாகத்தான் பட்டது.

அடுத்த நாள் பஸ்மியா, இரண்டு பேரும் ஒன்றாக அறை எடுத்துத் தங்கலாம் என்று சொல்ல ஓடி வந்தாள். நான், “எனக்கு அது சரிவராது. நீ போ, ஒனக்குப் பரவால்ல” என்றேன். ‘ஒனக்குப் பரவால்ல’ என்று நான் எந்தக் கருத்தில் சொன்னேன் என்பது அவளுக்கு விளங்கியது. எனக்கும் விளங்கியது.

அவள் போனாள். படிப்பு ஆங்கிலத்தில், நோயாளிகள் சிங்களத்தில், இவளுக்கோ இரண்டும் அரைகுறை. நரம்புகளின் பெயர்களைப் புத்தளத்துக்கும் கொழும்புக்கும் இடையில் பஸ்ஸிலேயே பாடமாக்கினாளாம். மூச்சை இழுங்கள், காலைத் தூக்குங்கள் என்பதைச் சிங்களத்தில் சொல்லிப் பழகிவிட்டு, ஊருக்கு வந்து தன் சொந்தத் தமிழில் சொல்ல வெட்கப்பட்டாளாம். இப்போது இதைப் பல்கலைக்கழகத்தில் பட்டமாகவே படிப்பிக்கிறார்கள். “பட்டம் முடிச்ச புள்ளைகள் இங்க வருவாங்க. நல்ல கெட்டிக்காரப் புள்ளைகள். எனக்கே படிப்பிச்சுத் தருவாங்க. பொறகு ஒண்ணுக்கொண்ணா ஒங்கட ஊருக்குப் போயிருவாங்க” என்றாள். ‘ஒங்கட ஊர்’ என்று அவள் சொன்னது இங்கிலாந்தை.

நான் கலியாணம் முடித்து இங்கே வந்து, நகரசபை அலுவலகமொன்றில் விண்ணப்பங்களை வாங்கி அடுக்குகிறேன். யாராவது படிவத்தைப் பிழையாக நிரப்பினால் திருப்பி அனுப்புவேன். எட்டு மணி நேரத்தில் ஒரு மனிதரையும் தொட மாட்டேன். அந்த வாங்கில் இருந்தபடி, கதவின் இடைவெளியால் பஸ்மியாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளின் காலை அவை எவ்வளவு சுளுவாகப் பிடித்தன! கொழும்பிலிருந்து அன்று வந்த கடிதத்தில் எனக்கும் அப்படிக் கைகள் இருந்தன.

4

இங்கே திரும்பி வந்ததும் வைத்தியசாலைக் கடிதங்கள் தொடங்கின. உங்கள் முறை வரும்போது அறிவிப்போம் என்று ஒரு கடிதம். அந்தக் கடிதம் கிடைத்ததா என்று கேட்டு இன்னொரு கடிதம். நான் எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் திகதி வாரியாகப் போட்டேன். அக்டோபர் கடைசியில் சத்திரசிகிச்சை நடந்தது. நன்றாகவே செய்தார்கள். அதற்குப் பிறகு படங்களோடு ஒரு சிறு புத்தகம் தந்தார்கள், தொலைபேசியில் ஒரு செயலி போட்டுத் தந்தார்கள். பயிற்சியைச் செய்து முடித்தால் அதில் பச்சைக் குறி விழும். போகும் ஒவ்வொரு முறையும் வேறொருவர் வருவார். எல்லோரும் அன்பானவர்கள். எல்லோரும், “என்ன நடந்தது?” என்று முதலிலிருந்து கேட்பார்கள். ஹனா ஒரே குரலில் ஒப்புவிப்பாள்.

எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் செய்தேன். தண்ணீர் எடுக்க எழும்ப விடவில்லை. காலுறை போட்டுவிட்டேன். அவளுடைய கால் நிமிர்ந்தால் நோகும் என்பதால், உம்மா புத்தளத்தில் தைப்பித்துத் தந்த இலவம் பஞ்சுத் தலையணையை முழங்காலுக்குக் கீழே வைத்தேன். அதை வைத்ததும் அவள் முகம் இளகும். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை அதைத் தட்டிச் சரிசெய்து வைப்பேன். அந்த நாட்களில் அவள் எனக்கு நன்றி சொன்னது அந்த நேரத்தில் மட்டும்தான். அதற்காகவே நான் வீட்டுக்கு விரைவாக வந்தேன்.

5

கதவடியில் நின்று கேட்ட அன்று, வேலைக்குப் போய் மதிய இடைவேளையில் பஸ்மியாவை அழைத்தேன்.

“என்னட மகளோட நீ ஒவ்வொரு நாளும் கதைக்கிறியாம். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்ல.”

“அவ சொல்லிரிப்பா எண்டு நெனச்சன் புள்ள. கால் நிமிரல்ல எண்டு பயந்து அவதான் எடுத்தா.”

“இங்க பெரிய பெரிய ஆக்கள் பாக்கிறாங்க. ரெண்டு பேர் ரெண்டு மாதிரிச் சொன்னா அவ கொழம்பிருவா. நீ விட்டுடு.”

அவள் பின்னால் யாரோ இருமினார்கள்.

“சரி. விடுறன். ஒண்டு மட்டும் செய் ஜெஸீமா. அந்தத் தலவணய எடு.”

“எந்தத் தலவண?”

“முழங்காலுக்குக் கீழ இரிக்கிறத. போன்ல கண்டன். அது சொகம்தான். ஆனா மடங்கின கால் மடங்கினபடியே இறுகிப் போகும். குதிக்காலுக்குக் கீழ வை, முழங்கால் அந்தரத்துல தானாத் தாழட்டும்.”

என் வீட்டுக்குள்ளே, என் தலையணைக்கே அவள் கை நீட்டுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. எடுக்கவில்லை. அவள் சொன்னதாலேயே எடுக்கவில்லை. அன்று மாலை வந்து இன்னும் கொஞ்சம் உயரமாகத் தட்டி வைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து காலை ஏழரைக்கு ஹனாவின் அறை அமைதியாக இருந்தது. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. செயலியில் பச்சைக் குறிகள் குறைந்துகொண்டு வந்தன.

6

ஜனவரி தொடக்கத்தில் வைத்தியசாலையில் ஒரு இளம் இயன்மருத்துவர் இரண்டு கைகள் உள்ள பிளாஸ்டிக் அளவுகோலை ஹனாவின் முழங்காலில் வைத்துப் பார்த்தார். இன்னொருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு போய்ச் சத்திரசிகிச்சை நிபுணரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கால் நேராகவில்லை. உள்ளே வடு இறுகுகிறது. ஆறு கிழமை தருகிறோம். அதற்குள் நிமிராவிட்டால் திரும்ப மயக்கி, திறந்து, வெட்டிவிட வேண்டும். அதன் பிறகும் முழுதாக நிமிரும் என்று உறுதி சொல்ல முடியாது, நொண்டல் நிலைக்கலாம். இதையெல்லாம் மிகவும் மென்மையான குரலில் சொன்னார்கள்.

“படுத்திருக்கும்போது முழங்காலுக்குக் கீழே எதையாவது வைக்கிறீர்களா?” என்று அந்த இளைஞர் ஹனாவிடம் கேட்டார்.

ஹனா நிலத்தைப் பார்த்தாள். “இல்லை” என்றாள்.

என் பிள்ளை எனக்காகப் பொய் சொன்னாள். தன் கால் போகட்டும், உம்மா வெட்கப்படக் கூடாது என்று பொய் சொன்னாள்.

“தலையணை,” என்றேன். ஆங்கிலத்தில் எனக்கு வேறு சொல் வரவில்லை. “நான். நான்தான் வைத்தேன். ஒவ்வொரு நாளும்.”

அவர் கோபிக்கவில்லை. புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை என்றார். நான் கொண்டுபோயிருந்த நீலக் கோப்பை அங்கேயே திறந்தேன். இருந்தது. தலையணையின் படம், அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. ஒரு படிவத்தையும் வாசிக்காமல் விடாதவள் நான். அதைத் திகதி போட்டு அடுக்கியிருந்தேன், திறக்கவில்லை.

காரில் வரும்போது ஹனாவிடம் கேட்டேன்: “ஒனக்குத் தெரியுமா இது?”

“தெரியும்.”

“பொறகு ஏன் மகள் எனக்குச் சொல்லல்ல?”

அவள் சிவப்பு விளக்கு பச்சையாகும் வரை யோசித்தாள். பிறகு, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, எனக்குத் தமிழில் பதில் சொன்னாள்.

“நீங்க வெக்கக்குள்ள சந்தோசமா இரிந்தீங்க உம்மா. அதால சொல்லல்ல.”

7

நானே பஸ்மியாவை அழைத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று எழுதி வைத்திருந்தேன். அவள் தொடங்க விடவில்லை.

“தலவணய எடுத்தியா?”

“எடுத்திட்டன்.”

“எத்தின கிழம தந்திரிக்காங்க?”

“ஆறு.”

“காணும், அது போதும். போனால என்னட கை வராது. ஒண்ட கை வேணும். அங்க உள்ள பொடியன் என்ன சொல்றாரோ அதையும் கேளு, நான் சொல்றதையும் கேளு, ரெண்டும் ஒண்டுதான். இப்ப குதிக்காலுக்குக் கீழ துவாயச் சுருட்டி வை. ஒண்ட ஒரு கைய முழங்காலுக்கு மேல, தொடையில வை. முழங்கால் சில்லுல வெக்காத. மற்றக் கைய கீழ. அவ மூச்சு விடக்குள்ள அமத்து. அவ கத்தினா கைய எடுக்காத. நீ அழுதா எடு.”

முதல் கிழமை முழுவதும் கையை எடுத்தேன். ஒவ்வொரு நாளும் பஸ்மியா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னை ஏசினாள். “என்ன புள்ள, பூவையா தொடுறா? புள்ளைட கால்! அமத்து!” ஹனா வலியிலும் சிரித்தாள். அவர்கள் இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது எனக்குப் பற்றி எரியும். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவள் சாச்சி என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் எரிந்தது. ஆனால் இரண்டாம் கிழமையில், தொடைத் தசை எப்போது பயந்து இறுகுகிறது, எப்போது விட்டுக்கொடுக்கிறது என்று என் உள்ளங்கைக்குத் தெரியத் தொடங்கியது. நான் சொல்லாமலே கை காத்திருந்தது, சொல்லாமலே அமத்தியது. அலுவலகத்தில் படிவங்களை அடுக்கும்போதும் அந்த உணர்வு கையில் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு அது புதுசு.

ஆறாம் கிழமை முடிவில் அதே இளைஞர் அளவுகோலோடு வந்தார். ஹனா காலை நீட்டினாள். அவர் தன் விரல்களை முழங்காலுக்கும் கட்டிலுக்கும் இடையில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொரு சத்திரசிகிச்சை தேவையில்லை என்று எழுதினார்.

நடைவழியிலேயே ஹனா தொலைபேசியை எடுத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவளுடைய குளிர்ச்சட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். “சாச்சி! நேராயிட்டு!” அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல். பிறகு, “உம்மாட்ட போனக் குடு.”

திரையில் பஸ்மியா. பின்னால் யன்னலில் மீன்பிடிக் கயிறு, யாரோ அதை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“நான் ஒனக்கு...” என்று தொடங்கினேன்.

“அதெல்லாம் வேணாம். ஒண்ட கையக் காட்டு.”

விளங்காமல் காட்டினேன். அவள் திரைக்கு நெருங்கி வந்து பார்த்தாள்.

“நல்ல கை புள்ள. அண்டைக்கு ஒங்கட வாப்பா விட்டிருந்தா, நீயும் ஓமெண்டிருந்தா, இந்த அறையில ஒனக்கும் எனக்குமா ரெண்டு கதிர இரிந்திரிக்கும்.”

அவள் என்னைக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். குத்தட்டும், கடன்தானே என்றும் நினைத்தேன். அப்போது அவள் யாருக்கோ வழிவிட நகர்ந்தாள், திறந்திருந்த கதவு தெரிந்தது. வெளியே, மூன்று கிழமை நான் உட்கார்ந்திருந்த அந்த வாங்கு. அதில் நோயாளிகள் இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். இருக்க இடமில்லாதவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே நேரம் மூன்று மணிக்கு மேலே, கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அவ்வளவு பேருக்கும் அவள் ஒருத்தி.

“போன வெக்கிறன் ஜெஸீமா,” என்றாள். “ஆக்கள் இரிக்காங்க.”